வெள்ளெழுத்துக்குக் கார்னியா இன்லே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பதைத் தாண்டியவர்கள் கண் மருத்துவரிடம் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: படிக்கும் கண்ணாடி இல்லாமல் சமாளிக்க வழி ஏதாவது இருக்கிறதா? அதற்குப் பதிலாகப் பல வருடங்கள் பேசப்பட்டதுதான் கார்னியா இன்லே, அதாவது கண்ணின் முன்பக்கம் உள்ள, ஒளி ஊடுருவும் கருவிழிக்குள் (கார்னியா) வைக்கும் சின்னஞ்சிறு உள்வைப்பு. அது எப்படி வேலை செய்கிறது, மனிதர்களிடம் எப்படிச் சோதித்தார்கள், அந்தச் சோதனைகள் எதைச் சொல்லின, எதைத் தாமதமாகச் சொல்லின என்பதையெல்லாம் கேள்வி பதிலாக இங்கே தருகிறேன். இதில் என் கருத்தும் கலந்திருக்கும். அது எங்கே என்பது படிக்கும்போதே தெரியும்.

வெள்ளெழுத்து ஏன் வருகிறது? கண் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் இளகலாக இருக்கும். கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும்போது அதைச் சுற்றியுள்ள சிலியரி தசை சுருங்கும், லென்ஸ் உப்பிக்கொள்ளும், எழுத்து தெளியும். வயது ஏற ஏற லென்ஸ் இறுகுகிறது. தசை தன் வேலையைச் செய்தாலும் லென்ஸ் வளைந்து கொடுப்பதில்லை. சாளேசரம் என்று சொல்வதும் இதைத்தான். 2015ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் சுமார் 180 கோடிப் பேருக்கு இது இருந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது. தப்பிப்பவர் யாரும் இல்லை.

பிரச்சினை லென்ஸில் இருக்க, கருவிழியில் ஏன் கை வைக்கிறார்கள்?

கருவிழி கண்ணின் முன்வாசலில் இருக்கிறது. கண்ணுக்குள் நுழையாமலே அதை எட்டிவிடலாம். ஒளியை வளைக்கும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது என்பதால், அங்கே சின்ன மாற்றம் செய்தாலே பார்வையில் பெரிய வித்தியாசம் தெரியும். முக்கியமான இன்னொரு காரணம், தேவைப்பட்டால் வெளியே எடுத்துவிடலாம் என்ற எண்ணம். லேசரால் சீவிய திசு திரும்ப வராது. வைத்த பொருளை எடுக்கலாம். இந்த எண்ணம் எந்த அளவுக்குச் சரி என்பதைப் பின்னால் ஒரு கேள்வியில் பார்ப்போம்.

எத்தனை வகை இன்லேக்கள் இருக்கின்றன?

மனிதர்களிடம் பெரிய அளவில் சோதிக்கப்பட்டவை மூன்று வகை. மூன்றும் மூன்று வெவ்வேறு தந்திரங்கள்.

முதலாவது நுண்துளை வகை. இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் கம்ரா. நடுவில் 1.6 மில்லிமீட்டர் துளையுள்ள கறுப்பு வளையம், மொத்த அகலம் 3.8 மில்லிமீட்டர். ஓரத்திலிருந்து வரும் சிதறலான ஒளியை வளையம் தடுக்கிறது, நடுவில் நேராக வரும் ஒளியை மட்டும் விடுகிறது. அதனால் தெளிவாகத் தெரியும் தூரத்தின் எல்லை விரிகிறது. இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தடித்த அட்டையில் ஊசியால் துளையிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் அந்தத் துளை வழியாகப் பொடி எழுத்தைப் பாருங்கள். எழுத்து கூர்மையாகும், கூடவே காட்சி இருட்டிக்கொள்ளும். இந்த வகையின் பலமும் பலவீனமும் அந்த ஒரு நொடியிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது கருவிழியின் வடிவத்தை மாற்றும் வகை. ரெயின்ட்ராப் இதில் சேரும். 2 மில்லிமீட்டர் அகலம், நடுவில் சுமார் 32 மைக்ரான் தடிமன், பெரும்பகுதி நீராலான ஹைட்ரோஜெல். இதற்கென்று தனியாக லென்ஸ் சக்தி கிடையாது. உள்ளே வைத்ததும் மேலே இருக்கும் கருவிழியின் நடுப்பகுதி லேசாகப் புடைக்கும். அந்தப் புடைப்பு கிட்டப் பார்வையைத் தருகிறது, ஓரப்பகுதி தூரத்தைப் பார்த்துக்கொள்கிறது.

மூன்றாவது உண்மையிலேயே லென்ஸாக வேலை செய்யும் வகை. பிளெக்ஸிவ்யூ மைக்ரோலென்ஸ் அப்படிப்பட்டது. நடுவில் சக்தி இல்லை, சுற்றுவளையத்தில் படிக்கும் சக்தி இருக்கும். ஐரோப்பாவில் பயன்பாட்டுக்கு வந்தது. அமெரிக்காவில் சோதனை நடந்தும் அனுமதி வரை போகவில்லை.

இது புதிய யோசனையா?

இல்லை. கண் மருத்துவர் ஹோசே இக்னாசியோ பராக்கர் 1949இலேயே கருவிழிக்குள் பொருள் வைத்துப் பார்வையைத் திருத்தும் யோசனையைத் தொடங்கிவைத்தார். அன்று பயன்பட்டவை கண்ணாடியும் பிளாஸ்டிக்கும். கருவிழி அவற்றை ஏற்கவில்லை. மேலே இருந்த திசு அழுகியது, வைத்த பொருள் வெளியே தள்ளப்பட்டது.

காரணம், கருவிழியில் இரத்தக்குழாய் கிடையாது. ஆக்சிஜன் முன்னால் கண்ணீரிலிருந்து வருகிறது, சர்க்கரைச்சத்து பின்னால் உள்ள நீர்மத்திலிருந்து ஊறி மேலே ஏறுகிறது. நடுவில் எதையும் ஊடுருவ விடாத தகட்டை வைத்தால் மேலடுக்கு பட்டினி கிடக்கும். பின்னால் வந்த எல்லா வடிவமைப்புகளும் இந்தப் பட்டினியைத் தவிர்க்கப் போராடியவைதான். மெல்லியதாக்கினார்கள், சின்னதாக்கினார்கள், நீர் நிறைந்த ஜெல்லாக்கினார்கள், துளையிட்டார்கள்.

கம்ராவின் முந்தைய வடிவம் 10 மைக்ரான் தடிமனும், நடுத்துளை போக, சத்து ஊடுருவ வளையத்திலேயே 1,600 நுண்துளைகளும் கொண்டது. பிந்தைய வடிவம் ஏறத்தாழ பாதித் தடிமன், 8,400 துளைகள். தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்றால் அது எவ்வளவு மெல்லியது என்று யோசித்துக்கொள்ளுங்கள். அத்தனை துளைகளையும் வரிசையாக இடாமல் கலைத்துப் போட்டார்கள். வரிசையாக இருந்தால் ஒளி அவற்றின் வழியே விலகி விளக்குகளைச் சுற்றித் தேவையில்லாத கோலங்களைக் காட்டும்.

ஏன் ஒரு கண்ணில் மட்டும் வைக்கிறார்கள்?

கிட்டப் பார்வை கூடும்போது தூரப் பார்வையின் தரம் கொஞ்சம் குறையும். அந்த விலையை இரண்டு கண்ணும் கொடுக்க வேண்டாம் என்பதுதான் கணக்கு. குறி பார்க்க நாம் இயல்பாகப் பயன்படுத்தும் ஆதிக்கக் கண்ணை விட்டுவிட்டு மற்றக் கண்ணில் வைப்பார்கள். இரண்டு காட்சிகளையும் சேர்த்துக்கொள்ள மூளை பழக வேண்டும். சிலருக்குச் சில வாரங்கள் போதும், சிலருக்கு மாதங்கள் ஆகும், சிலருக்குப் பழகவே பழகாது. இன்லேயை எடுத்தவர்களில் பலர் சொன்ன காரணம் இந்த அதிருப்திதான்.

அறுவை சிகிச்சை எப்படி நடக்கும்? வலிக்குமா?

சொட்டு மருந்திலேயே கண் மரத்துவிடும். ஃபெம்டோசெகண்ட் லேசர் கருவிழிக்குள் ஒரு மெல்லிய பையை உருவாக்கும், அல்லது மூடி மாதிரி ஒரு மடலை வெட்டும். மருத்துவர் இன்லேயை அதற்குள் நுழைத்து, பார்வை அச்சின் நடுவில் சரியாக உட்கார வைப்பார். சில நிமிட வேலை. கொஞ்சம் விலகினாலும் பார்வை கெடும் என்பதால் நடுவில் உட்கார வைப்பதுதான் இதில் கைத்திறனைக் கேட்கும் இடம். அடுத்த சில நாட்கள் உறுத்தலும் மங்கலும் இருக்கும். வறட்சி இன்னும் நாள்பட இருக்கலாம். ஸ்டீராய்டு சொட்டு மருந்து மாதக்கணக்கில் போக வேண்டியிருக்கும்.

சோதனைகளில் என்னதான் அளக்கிறார்கள்?

எல்லோரும் கேட்கும் எண் ஒன்று: கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் எவ்வளவு சின்ன எழுத்து வரை தெரிகிறது. இதற்கான அட்டையைக் கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டரில் வைப்பார்கள். தூரத்தைக் கயிறோ கம்பியோ வைத்து உறுதிசெய்வார்கள், வெளிச்சத்தின் அளவையும் முன்கூட்டியே நிர்ணயிப்பார்கள். வரிக்கு ஐந்து எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் மதிப்பெண். இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் இருக்கிறது. அட்டையை ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தாலோ இன்னொரு விளக்கைப் போட்டாலோ முடிவு மாறிவிடும்.

ஆனால் நல்ல சோதனை அங்கே நிற்காது. தூரப் பார்வை எவ்வளவு குறைந்தது, கணினித் தூரத்தில் எப்படி, மங்கலான வெளிச்சத்தில் சாம்பல் எழுத்தைப் பிரித்தறிய முடிகிறதா, இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை உணர்கின்றனவா என்றெல்லாம் பார்ப்பார்கள். கருவிழியின் உட்புற செல்களை எண்ணுவார்கள். பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 2,500 இருக்கும், இழந்தால் திரும்ப முளைக்காது. கண்ணாடி போட்டும் இரண்டு வரிக்கு மேல் பார்வை இழந்தவர்கள் எத்தனை பேர் என்பது பாதுகாப்பைச் சொல்லும் முக்கிய எண். அது 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான எல்லை. இன்லேயை எடுக்க வேண்டிவந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் பதிவு செய்வார்கள்.

விளம்பரத் தாளில் முதல் எண் மட்டும் பெரிதாக இருக்கும். மற்றவை சின்ன எழுத்தில், வெள்ளெழுத்து உள்ளவரால் படிக்க முடியாத அளவில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

"20/40 கிடைத்தது" என்கிறார்கள். அப்படியென்றால் படிக்க முடியுமா?

முடியும், ஆனால் ஓர் எல்லைக்குள். இயல்பான கண் பிடிக்கும் மிகச் சிறிய எழுத்தைப் போல இரு மடங்கு எழுத்தைப் பிடிப்பதுதான் 20/40. செய்தித்தாள் எழுத்து ஏறத்தாழ அந்த அளவில்தான் வரும். ஒரு வரியை எட்டிப் பிடிப்பதும் ஒரு மணி நேரம் சுகமாகப் படிப்பதும் ஒன்றல்ல. சிரமமில்லாமல் படிக்க, நம்மால் பிடிக்க முடிகிற மிகச் சிறிய எழுத்தைவிட இரு மடங்காவது பெரிய எழுத்து வேண்டும். ஆகவே சோதனையில் வெற்றி என்று பதிவான ஒருவர் வீட்டில் மருந்துச் சீட்டைப் படிக்கக் கண்ணாடியைத் தேடலாம். இரண்டும் உண்மையாக இருக்க முடியும்.

கம்ரா, ரெயின்ட்ராப் சோதனை முடிவுகள் என்ன?

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கம்ராவை 2015 ஏப்ரலில் அனுமதித்தது. முக்கிய ஆய்வில் மதிப்பிடப்பட்ட 478 பேரில் 83.5 சதவீதம் பேர் 12 மாத முடிவில் கிட்டப் பார்வையில் 20/40 அல்லது அதைவிட நல்ல நிலையை அடைந்தார்கள். மூன்று வருடத்துக்குள் ஏறக்குறைய 9 சதவீதம் பேருக்கு இன்லேயை எடுக்க வேண்டிவந்தது. அந்த ஆய்விலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. மடலின் அடியில் வைத்ததைவிட, நெருக்கமான லேசர் புள்ளிகளால் உருவாக்கிய பையில் வைத்தபோது பலன் மேம்பட்டது. பொருள் அதேதான், வைத்த விதம் மட்டும் வேறு.

ரெயின்ட்ராப் 2016 ஜூனில் அனுமதி பெற்றது. 373 பேரிடம் நடந்த ஆய்வு அது. இரண்டு வருட முடிவில் மதிப்பிடப்பட்டவர்களில் 92 சதவீதம் பேர் 20/40ஐ எட்டினார்கள். எண்ணை மட்டும் பார்த்தால் இதுதான் முந்தி நின்றது.

அப்புறம் ரெயின்ட்ராப்புக்கு என்ன ஆனது?

அனுமதி கொடுக்கும்போதே, நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அந்தத் தொடர் ஆய்வில், அனுமதிக்கு முன்பே சோதனையில் இன்லே வைத்துக்கொண்ட 150 பேர் இருந்தார்கள். ஐந்து வருடக் கணக்கு வந்தபோது அவர்களில் 75 சதவீதம் பேருக்குக் கருவிழியில் வெண்மங்கல் பதிவாகியிருந்தது. 42 சதவீதம் பேருக்கு அது நடுப்பகுதியில், அதாவது பார்வை போகும் பாதையிலேயே இருந்தது. அதைத் தயாரித்த நிறுவனம் 2018 தொடக்கத்திலேயே மூடப்பட்டுவிட்டது. அந்த வருடம் அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இதை இனி யாருக்கும் வைக்க வேண்டாம் என்று மருத்துவர்களை எச்சரித்தது.

இந்த மங்கலை மருத்துவர் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்ப்பார். மெல்லிய ஒளிக்கீற்றைச் சாய்த்து அடித்தால் ஆரோக்கியமான கருவிழி தெள்ளத் தெளிவாக இருக்கும். மங்கல் வந்த கண்ணில் இன்லேயின் ஓரத்தையொட்டிச் சாம்பல் கலந்த வெண்மை தெரியும். தொடக்கத்தில் நோயாளிக்கு எதுவும் தெரியாது, எழுத்துப் பலகையில் மதிப்பெண்ணும் குறையாது. வெண்மை நடுவுக்குப் பரவிய பிறகுதான் "முன்பு மாதிரி தெரியவில்லையே" என்று வருவார்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது இதுதான். இரண்டு வருடத் தரவை வைத்துக் கொடுத்த அனுமதி அன்றைய விதிப்படி சரிதான். ஆனால் வெள்ளெழுத்து உயிருக்கோ பார்வைக்கோ ஆபத்தானதல்ல, சாதாரணக் கண்ணாடியால் முழுசாகச் சரியாகிவிடும். அப்படிப்பட்ட குறைக்காக ஆரோக்கியமான கண்ணில் வைக்கும் பொருளுக்கு ஐந்து வருடப் பொறுமை அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மங்கல் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது?

கருவிழியின் நடு அடுக்கில் கெரட்டோசைட் என்ற செல்கள் அமைதியாக இருக்கும். காயமோ அந்நியப் பொருளோ தொந்தரவு கொடுத்தால் அவை விழித்துக்கொண்டு தழும்புத் திசுவை உண்டாக்கத் தொடங்கும். இந்தச் செல்கள் மேலடுக்கின் அருகே நெருக்கமாகவும் ஆழத்தில் குறைவாகவும் இருக்கின்றன. ஆழமாக வைப்பது பாதுகாப்பு என்ற கருத்து இதிலிருந்துதான் வந்தது. கருவிழியின் வடிவத்தை மாற்ற வேண்டிய இன்லே ரொம்ப ஆழத்தில் இருந்தால் மேற்பரப்பைப் புடைக்க வைக்க முடியாது. மேலே வைத்தால் தழும்பு வரும், கீழே வைத்தால் பலன் குறையும். அந்த வகைக்கு இது பிறவிச் சிக்கல். ஸ்டீராய்டு சொட்டு மருந்து செல்களை அடக்கி வைக்கும், நிறுத்தியதும் சிலருக்கு மறுபடி கிளம்பும். நாள்பட்ட ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றும் என்பது தனிக் கவலை.

இந்தச் சோதனைகளில் போலிச் சிகிச்சைக் குழு இருந்ததா?

பெரிய சோதனைகள் இரண்டிலும் இல்லை. ஒரே குழு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பீடு. வெறும் பையை வெட்டி எதுவும் வைக்காமல் மூடுவது நெறிமுறைப்படி சிக்கல் என்பது புரிகிறது. அதே சமயம், தனக்கு இன்லே வைத்திருப்பது தெரிந்த ஒருவர் அட்டை முன்னால் கூடுதலாக முயற்சி செய்வார், எழுத்தை ஊகிப்பார். அளப்பவருக்கும் அது தெரியும். ஆகவே கேள்வித்தாளில் வரும் "திருப்தி" சதவீதத்தைக் கொஞ்சம் தள்ளுபடியோடுதான் படிக்க வேண்டும்.

இன்லேயை எடுத்துவிட்டால் பழைய பார்வை திரும்புமா?

பெரும்பாலோருக்குக் கிட்டத்தட்ட திரும்புகிறது. மங்கல் வருவதற்கு முன்பே எடுத்தவர்களுக்கு நிலைமை நன்றாக இருக்கும். தழும்பு விழுந்த பின் எடுத்தால் பொருள் வெளியே வந்துவிடும், தழும்பு அங்கேயே இருக்கும். தேறினாலும் மாதங்கள் ஆகும். "எடுத்துவிடலாம்" என்ற சொல்லை நம்பி முடிவெடுப்பவர்கள் இந்த வித்தியாசத்தை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இரவில் வண்டி ஓட்டலாமா?

பலர் ஓட்டுகிறார்கள். ஆனால் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், கூச்சம், வெளிச்சம் குறைந்தால் தடுமாற்றம் ஆகியவை சோதனைகளில் திரும்பத் திரும்பப் பதிவானவை. இரவில் ஓட்டுவதே தொழில் என்றால் நான் யோசிக்கச் சொல்வேன்.

யாரைச் சோதனையில் சேர்ப்பதில்லை?

கருவிழி கூம்பாகும் நோய், மிக மெல்லிய கருவிழி, கடுமையான கண் வறட்சி, கண்ணில் ஹெர்பிஸ் தொற்று வந்தவர்கள், கட்டுக்குள் இல்லாத நீரிழிவு அல்லது கண் அழுத்தம், தன்னெதிர்ப்பு நோய்கள். கம்ராவுக்கான அனுமதி 45 முதல் 60 வயதினருக்கு, தூரத்துக்குக் கண்ணாடி தேவைப்படாத, கண்புரை அறுவை செய்யாதவர்களுக்கு மட்டுமே.

தானமாகப் பெற்ற மனிதத் திசுவால் இன்லே செய்ய முடியாதா?

முடியும். இந்தத் துறையில் இப்போது நான் ஆவலோடு கவனிப்பது அதைத்தான். தூரத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும் குறைக்கான (மயோபியா) ஸ்மைல் லேசர் சிகிச்சையில் கருவிழியிலிருந்து ஒரு மெல்லிய திசுத்தட்டை வெளியே எடுப்பார்கள். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் சூசன் ஜேக்கப் குழுவினர் அந்தத் தட்டிலிருந்து 1 மில்லிமீட்டர் வட்டத்தை வெட்டி, வெள்ளெழுத்து உள்ளவரின் கருவிழிக்குள் வைத்தார்கள். 'பேர்ல்' என்ற பெயரில் 2017இல் முதல் அறிக்கை வந்தது. திசு இயற்கையானது, ஆக்சிஜனும் சத்தும் தடையின்றிப் போகும். பராக்கர் காலத்திலிருந்து துரத்திய பட்டினிப் பிரச்சினைக்கு இது நேரடியான பதில். ஆனால் முதல் அறிக்கை கைவிரல் விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளைப் பற்றியது. பிறர் திசு என்பதால் நிராகரிப்பு, தொற்றுப் பரிசோதனை ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பல நூறு பேரை ஐந்து வருடம் பார்த்த பிறகுதான் தீர்ப்பு.

இன்லேயைத் தவிர வேறு வழி?

கண்ணாடிதான் முதலில். மல்டிஃபோகல் கான்டாக்ட் லென்ஸ், ஒரு கண் தூரத்துக்கும் மறு கண் கிட்டத்துக்கும் என்று பிரித்துத் திருத்துவது ஆகியவை அடுத்து. கண்மணியைச் சுருக்கும் பைலோகார்பின் சொட்டு மருந்தை 2021இல் அமெரிக்காவில் வெள்ளெழுத்துக்கு அனுமதித்தார்கள். நுண்துளை இன்லேயின் அதே தத்துவம், சில மணி நேரத்துக்கு மட்டும். கம்ராவை உருவாக்கிய நிறுவனமே பின்னர் அந்தத் துளையைக் கண்புரை லென்ஸுக்குள் கொண்டுபோனது. அந்த ஐசி-8 ஆப்தெரா லென்ஸ் 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஒரு புதிய இன்லே சோதனையில் சேரச் சொல்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

இதற்கு முன் இதே பொருளை வைத்தவர்களை எத்தனை வருடம் பார்த்திருக்கிறீர்கள்? எத்தனை பேருக்கு எடுத்தீர்கள், ஏன்? எடுத்தவர்களின் பார்வை இப்போது எப்படி? எவ்வளவு ஆழத்தில் வைக்கிறீர்கள்? நிறுவனம் மூடப்பட்டால் என் பரிசோதனைக்கும் அகற்றும் செலவுக்கும் யார் பொறுப்பு? கடைசிக் கேள்வி அபசகுனமாகத் தோன்றலாம். ரெயின்ட்ராப் வைத்தவர்களுக்கு அது நிஜமாகவே வந்த கேள்வி. ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அனுமதி கேளுங்கள். அவசரப்படுத்தினால் சேராதீர்கள். சேர்ந்த பிறகும் எந்தக் காரணமும் சொல்லாமல் விலக உங்களுக்கு உரிமை உண்டு. விலகினாலும் கண்ணில் பொருள் இருக்கும்வரை பரிசோதனைக்கு மட்டும் போய்க்கொண்டே இருங்கள்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு இன்லே வைத்தார்கள். ஒரு தொந்தரவும் இல்லை. இன்னும் பரிசோதனைக்குப் போக வேண்டுமா?

கட்டாயம். தொடக்க மங்கல் உங்களுக்குத் தெரியாது, ஸ்லிட் லாம்ப்பில்தான் தெரியும். வருடத்துக்கு ஒருமுறையாவது கருவிழியைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வகை இன்லே, எந்தக் கண், எந்தத் தேதி என்ற அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னாளில் கண்புரை வந்து லென்ஸ் சக்தியைக் கணக்கிடும் மருத்துவருக்கு அந்த விவரம் அவசியம் தேவைப்படும். மங்கல், கூச்சம், சிவப்பு இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.